கத்திரி வெயிலில் சென்னையிலிருந்து கொடைக்கானலுக்கு: குடும்பத்தோடு காரில் பத்திரமாகப் போய்த் திரும்புவது எப்படி

பள்ளித் தேர்வுகள் முடிந்து, மே மாதத் தொடக்கத்தில் அக்னி நட்சத்திரமும் பிறந்துவிட்டால், சென்னையில் பல வீடுகளில் எழும் முதல் பேச்சு மலைக்குப் போகலாமா என்பதுதான். கொடைக்கானல் இங்கிருந்து ஏறக்குறைய 520 கிலோமீட்டர். தாம்பரத்தைத் தாண்டி, செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் வழியாகத் திருச்சி. பிறகு மணப்பாறை, திண்டுக்கல், வத்தலக்குண்டு. கடைசியில் சுமார் 50 கிலோமீட்டர் மலைப்பாதை. நாற்பது டிகிரி வெயிலில் கொதிக்கும் நான்கு வழிச்சாலையும், பனிமூட்டம் இறங்கும் கொண்டை ஊசி வளைவும் ஒரே நாளில் வருவதுதான் இந்தப் பயணத்தின் தனித்தன்மை. வண்டி, ஓட்டுபவரின் உடல், பின் இருக்கையில் இருக்கும் முதியவர், சாப்பாட்டுக் கூடை என எல்லாமே அந்த ஒரே நாளில் சோதிக்கப்படுகின்றன.

பல ஆண்டுகளாக இந்தச் சாலையில் குடும்பத்தோடு போய்வந்த அனுபவத்தில், ஒன்றை உறுதியாகச் சொல்வேன். வண்டியின் விலையையும் ஓட்டுபவரின் திறமையையும் விட, எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம், எந்த மணியில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதுதான் பயணம் பத்திரமாக முடிவதைத் தீர்மானிக்கிறது. கீழே சொல்லப்படும் யோசனைகளில் பாதி இந்தக் கணக்கைச் சார்ந்தவையே.

கிளம்பும் நேரம்

வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் கிளம்புவது நம்மவர்களின் பழக்கம். பகல் முழுவதும் அலுவலகம், மாலையில் மூட்டை கட்டுதல், இரவு பத்து மணிக்குச் சாப்பாடு, பதினொன்றரைக்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்பாடு. இப்படிக் கிளம்பினால், உடல் தூக்கத்துக்கு மிகவும் ஏங்கும் நேரமான அதிகாலை இரண்டிலிருந்து ஐந்து மணிக்குள், வண்டி உளுந்தூர்பேட்டைக்கும் சமயபுரத்துக்கும் இடைப்பட்ட நேரான, ஆளரவமற்ற சாலையில் ஓடிக்கொண்டிருக்கும். சாலையோரம் விளக்கில்லாமல் நிற்கும் லாரியின் பின்புறத்தில் கார் மோதியது என்று நாம் காலையில் செய்தித்தாளில் படிக்கும் விபத்துகள் பெரும்பாலும் இந்த நேரத்தில் நிகழ்பவை. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் ஒரு நொடிக்கு 28 மீட்டர் நகர்கிறது. நான்கு நொடி கண் அசந்தால் 110 மீட்டருக்கு மேல் வண்டி தன்போக்கில் போய்விட்டது என்று பொருள். கண் அசந்ததே ஓட்டுபவருக்குத் தெரியாமல் போவதுதான் இதில் பயங்கரமானது.

ஆகவே முதல் நாள் இரவு ஒன்பது மணிக்குள் படுத்து, குறைந்தது ஆறு மணி நேரமாவது தூங்கி எழுந்து, அதிகாலை நாலரை மணிக்குக் கிளம்புங்கள். மதுராந்தகத்தைத் தாண்டும்போது வெளிச்சம் வந்துவிடும். விக்கிரவாண்டிப் பக்கம் காலைச் சிற்றுண்டியை முடித்தால், பதினோரு மணியளவில் திருச்சியைத் தொடலாம். வெயில் உச்சியில் இருக்கும் பன்னிரண்டரை முதல் மூன்று மணி வரை திருச்சியிலோ திண்டுக்கல்லிலோ எங்காவது நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டு, ஓட்டுபவர் அரைமணி கண்ணயர்ந்தபின் மலையேறுவது ஒரு வழி. இதைவிட நல்ல வழி, அன்றிரவு திண்டுக்கல்லிலோ வத்தலக்குண்டிலோ தங்கிவிட்டு மறுநாள் விடிந்ததும் மலையேறுவது. ஓர் இரவு அறை வாடகை கூடுதலாகும் என்பது உண்மைதான். ஆனால் பத்து மணி நேரம் ஓட்டிக் களைத்த கையோடு, மங்கும் வெளிச்சத்தில், முன்பின் தெரியாத மலைப்பாதையில் ஏறுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மதிய உணவுக்குப் பின் இரண்டிலிருந்து நான்கு மணி வரை இன்னொரு தூக்கக் கண்டம் உண்டு. கொட்டாவி, கண்ணில் எரிச்சல், கடந்துவந்த கடைசி ஊர் எது என்று நினைவில்லாமை, வண்டி கோட்டைத் தாண்டி அலைதல் ஆகியவை அதன் அறிகுறிகள். கண்ணாடியை இறக்குவதும், பாட்டைச் சத்தமாக வைப்பதும், முகத்தில் தண்ணீர் அடிப்பதும் சில நிமிடங்களுக்கு மேல் உதவாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு, உடனே பதினைந்து இருபது நிமிடம் தூங்குவது பலன் தரும். காபி வேலை செய்யத் தொடங்குவதற்கும் நீங்கள் கண்விழிப்பதற்கும் சரியாக இருக்கும். எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றி, ஏ.சி.யை உட்காற்றையே சுழலவிடும் நிலையில் வைத்து, ஐந்தாறு பேர் மணிக்கணக்கில் பயணம் செய்தால், கரியமில வாயு கூடி எல்லோருக்குமே மந்தம் தட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். அரைமணிக்கு ஒருமுறை வெளிக்காற்று வரும் நிலைக்குச் சிறிது நேரம் மாற்றுங்கள். சளி, ஒவ்வாமை, வாந்தி ஆகியவற்றுக்கான மாத்திரைகளில் பல தூக்கத்தை வரவழைப்பவை. ஓட்டுபவர் அவற்றை மருத்துவரைக் கேட்காமல் போடவே கூடாது.

வேன் அமர்த்திப் போகிறவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. ஒருமுறை உறவினர்கள் பன்னிரண்டு பேராக வேனில் போய்க்கொண்டிருந்தோம். பெரம்பலூர் தாண்டியதும், முன் இருக்கையில் இருந்த நான் ஓட்டுநரைக் கவனித்தேன். கழுத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டார், ஈரத்துண்டால் முகத்தைத் துடைத்தார், ஏ.சி. ஓடும்போதே தன் பக்கக் கண்ணாடியை இறக்கினார். “அண்ணே, கடைசியா எப்ப தூங்குனீங்க?” என்று கேட்டேன். முந்தைய நாள் சாயங்காலம்தான் வேளாங்கண்ணிச் சவாரி முடித்து வந்ததாகவும், வண்டியைக் கழுவிவிட்டு அப்படியே எங்கள் வீட்டுக்கு வந்ததாகவும் சொன்னார். அடுத்து வந்த டீக்கடையில் நிறுத்தச் சொன்னோம். கடைக்காரர் கொடுத்த கயிற்றுக் கட்டிலில் அவர் படுத்த மறுநொடியே உறங்கிவிட்டார். ஒன்றரை மணி நேரம் யாரும் அவரை எழுப்பவில்லை. அன்றிலிருந்து, வண்டி பேசும்போதே முந்தைய இரவு ஓட்டுநருக்கு ஓய்வு இருக்கிறதா என்று உரிமையாளரிடம் கேட்டுவிடுகிறேன். தங்குமிடத்தில் அவருக்கும் ஒரு படுக்கை ஏற்பாடு செய்கிறேன். பேட்டா கொடுத்தோமே, வண்டியிலேயே படுத்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது அவருக்குச் செய்யும் அநீதி. நம் பிள்ளைகளின் உயிரையும் பணயம் வைப்பது. எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி. போட்டு வண்டிக்குள் தூங்குவதால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே கசிந்து உயிரையே பறிக்கக்கூடும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது.

டயரும் ரேடியேட்டரும்

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மெக்கானிக்கிடம் வண்டியைக் காட்டிவிடுங்கள். முதல் நாள் காட்டினால், குறை தெரிந்தாலும் உதிரிபாகம் கிடைக்காமல் “போய்ட்டு வந்து பாத்துக்கலாம்” என்ற பேச்சில்தான் முடியும். பிரேக், விளக்குகள், வைப்பர், பேட்டரி ஆகியவற்றை அவரே பார்ப்பார். டயரை மட்டும் நீங்களே குனிந்து பாருங்கள்.

டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால், 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று அர்த்தம். ஐந்தாறு ஆண்டு ஆன டயர், பள்ளம் தேயாமல் புதிதுபோலத் தெரிந்தாலும், ரப்பர் இறுகி மெல்லிய வெடிப்புகள் விட்டிருக்கும். பக்கச் சுவரில் கட்டை விரலால் அழுத்தித் தடவிப் பார்த்தால் அந்த வெடிப்புகள் தெரியும். பள்ளங்களுக்கு இடையே சிறு மேடு போன்ற தேய்மான அடையாளம் ஒன்று உண்டு. டயர் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால், அதாவது பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால், மாற்றியே ஆக வேண்டும்.

காற்று அதிகமானால்தான் வெயிலில் டயர் வெடிக்கும் என்று நம்பி, இரண்டு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) குறைத்து அடிக்கச் சொல்பவர்கள் பலர். அது தவறு. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரிகிறது. அந்த மடங்கலில் உண்டாகும் சூடே டயரின் உள்ளடுக்குகளைப் பிரித்து வெடிக்கவைக்கிறது. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில், இரண்டு மூன்று பேர் போகும்போது எவ்வளவு, முழுப் பாரத்தோடு போகும்போது எவ்வளவு என்று இரண்டு கணக்குகள் பெரும்பாலும் இருக்கும். ஐந்து பேரும் பெட்டிகளும் போகும் பயணத்துக்கு இரண்டாவது கணக்கே பொருந்தும். அளவை, டயர் குளிர்ந்திருக்கும் காலையில், வீட்டுக்கு அருகிலுள்ள பெட்ரோல் பங்கில் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் பார்த்தால் சூட்டில் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடாதீர்கள். ஸ்டெப்னிக்கும் மறக்காமல் காற்றடித்து, ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அப்படியும் ஓடும்போது டயர் வெடித்துவிட்டால், பதற்றத்தில் பிரேக்கை மிதிப்பதுதான் வண்டியைக் கவிழ்க்கிறது. இரு கைகளாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, வண்டியை நேராக வைத்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். வேகம் தானாகக் குறைந்தபின் இடப்பக்கம் ஒதுங்குங்கள். மணிக்கு எண்பதில் போகிறவருக்கு இது எளிது. நூற்று இருபதில் போகிறவருக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

வெப்பமானி முள் சிவப்பை நெருங்கினால் ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டரை முழு அளவில் வைத்தால் எஞ்சினின் சூட்டில் ஒரு பகுதி உள்ளே இழுக்கப்படும். ஓரம்கட்டி எஞ்சினை அணைத்துக் குறைந்தது அரைமணி காத்திருங்கள். சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் நீர் நூறு டிகிரிக்கும் மேலான சூட்டில் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும்.

பின் இருக்கையில் இருப்பவர்கள்

முன் இருக்கையில் பெல்ட் போடுவது ஓரளவு பழகிவிட்டது. பின் இருக்கையில் போடுபவர்கள் இன்னும் அரிது, சட்டம் அதையும் கட்டாயமாக்கியிருக்கிறது என்றபோதிலும். 2022 செப்டம்பரில், மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நிகழ்ந்த விபத்தில், டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது, பின்னால் அமர்ந்திருந்தவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீசார் தெரிவித்தனர். உயர்ந்த விலைக் காரும் அவரைக் காக்கவில்லை. பெல்ட் கொக்கிகளை இருக்கை உறைக்கு அடியில் செருகிவைத்திருக்கும் வீடுகள் உண்டு. முதல் நாளே அவற்றை வெளியே எடுத்துவைக்க வேண்டும்.

மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்காருவதைத் தாய்மார்கள் தயவுசெய்து கைவிட வேண்டும். ஏர்பேக் கண்ணிமைக்கும் நேரத்தில் விரிந்து, குழந்தையைத் தாயின் உடலோடு சேர்த்து நசுக்கிவிடும். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் மோதும்போது பத்துக் கிலோ குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்த எந்தத் தாயாலும் முடியாது; அன்பு குறைந்ததால் அல்ல, கையின் வலு அவ்வளவுதான். குழந்தைக்கென்று உள்ள இருக்கையை வாங்கியோ, தெரிந்தவரிடம் இரவல் பெற்றோ பின்னால் பொருத்துங்கள். கைக்குழந்தையாக இருந்தால் அது பின்புறம் பார்த்தபடி இருக்க வேண்டும். பின்கதவுகளின் சைல்ட் லாக்கைப் போட்டுவிடுங்கள்.

நிறுத்திய காருக்குள் குழந்தையையோ முதியவரையோ விட்டுவிட்டு, “இதோ வந்துடுறேன்” என்று கடைக்குள் போகவே கூடாது. கண்ணாடி மூடிய கார் வெயிலில் நின்றால், பத்தே நிமிடத்தில் உள்ளே வெப்பம் சுமார் பத்து டிகிரியும், ஒரு மணி நேரத்தில் இருபதுக்கு மேலும் உயர்கிறது. வெளியே நாற்பது என்றால் உள்ளே அறுபதைத் தாண்டுகிறது. கண்ணாடியைச் சிறிது இறக்கிவைப்பதால் பெரிய வித்தியாசம் ஏற்படுவதில்லை. குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும். பவர்பேங்க், லைட்டர், வாசனைத் திரவியப் புட்டி ஆகியவற்றையும் டேஷ்போர்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

தண்ணீர், சாப்பாடு, மருந்து

ஏ.சி.யில் வியர்க்காததால் தாகம் தெரியாது. வழியில் கழிப்பறை சுத்தமாக இருக்காது என்று பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள். மயக்கமும் தலைவலியும் சிறுநீர்க் கடுப்பும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நல்ல கழிப்பறை உள்ள உணவகத்திலோ பெட்ரோல் பங்கிலோ நிறுத்துவது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்கள் நிம்மதியாகக் குடிப்பார்கள். தண்ணீரை வீட்டிலிருந்தே எவர்சில்வர் குடங்களிலும் புட்டிகளிலும் கொண்டுபோவது நல்லது. கொடைக்கானலில் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கேயும் அவை கைகொடுக்கும்.

சாப்பாட்டில், தேங்காய்ச் சட்னியைக் கட்டவே கட்டாதீர்கள். மே மாதச் சூட்டில் அது பத்து மணிக்குள் நூல்விடத் தொடங்கிவிடும். நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடி தடவிய இட்லி மதியம் வரை தாங்கும், புளியோதரை இரவு வரை கெடாது. தயிர்சாதம் கட்டினால் பால் அதிகமாகவும் உறைமோர் குறைவாகவும் சேர்த்துப் பிசைந்து, முற்பகலிலேயே சாப்பிட்டுவிடுங்கள். ஈ மொய்க்க வெட்டிவைத்திருக்கும் தர்பூசணித் துண்டை வாங்க வேண்டாம். இளநீரும், கண்முன் சீவித்தரும் நுங்கும் போல நம்பகமானது வழியில் வேறில்லை.

முதியவர்களில் இரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெயிலில் உடம்பு சீக்கிரம் வற்றிப்போகும். கிளம்புமுன் மருத்துவரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்சுலின் புட்டியை டேஷ்போர்டு அறையில் வைத்தால் கெடும், பனிக்கட்டியோடு ஒட்டவைத்து உறைந்துபோனாலும் பயன்படாது. ஈரத்துணியில் சுற்றி வாயகன்ற பிளாஸ்கில் வைத்து, காலடியில் நிழலான இடத்தில் கொண்டுபோகலாம்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் நாலைந்து கையில் இருக்கட்டும். பெரிய பொட்டலம் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பாதி பாதியாகக் கலக்க வேண்டாம். கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் கொதித்தாறிய நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து கலக்கலாம். வியர்த்துக்கொட்டி, கால் இழுத்து, குமட்டினால் நிழலில் படுக்கவைத்து இதைக் கொடுங்கள். உடல் கொதித்து, பேச்சு குழறி, ஆளைத் தெரியாமல் உளறினால் அது வெப்பவாதம், உயிருக்கு ஆபத்து. உடனே 108ஐ அழைத்துவிட்டு, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் குளிர்ந்த துணி வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

நான்கு வழிச்சாலை

திண்டிவனம் விழுப்புரம் பகுதியில் சாலையோரம் நுங்கும் தர்பூசணியும் குவித்துவைத்திருப்பார்கள். வேகமாக வரும் கார் கடையைக் கண்டதும் சட்டென்று இடப்பக்கம் வெட்டி நிற்கும். பின்னால் வரும் பேருந்துக்கு யோசிக்க நேரமில்லை. வண்டி நின்றதும் பையன் வலப்பக்கக் கதவைத் திறந்து ஓடும் போக்குவரத்துக்குள் இறங்குவதை நானே பார்த்துப் பதறியிருக்கிறேன். நுங்கு வேண்டுமென்றால் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, சிக்னல் போட்டு, சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு முழுவதும் வெளியே மண்ணில் இறக்கி நிறுத்துங்கள். எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாகவே இறங்கட்டும்.

இந்தச் சாலை அயல்நாட்டு விரைவுச்சாலை அல்ல. இருபுறமும் ஊர்கள் இருக்கின்றன. நடுத்திட்டின் இடைவெளிகளில் டிராக்டர் திரும்பும், எதிர்த்திசையில் மொபெட்டில் ஒரு பெரியவர் வருவார், ஆட்டு மந்தை கடக்கும், அணுகுசாலையில் தானியம் உலர்த்தி ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். சாலை யாருடைய ஊரின் வழியாகப் போகிறதோ, அவர்களுக்கு அதில் நம்மைவிடக் குறைந்த உரிமை இல்லை. ஊர்ப் பெயர்ப்பலகை தெரிந்ததும் அறுபதுக்கு இறங்கிவிடுவதே முறை. வலது ஓரத் தடத்திலேயே ஓட்டிக்கொண்டிருக்காமல், முந்தியபின் இடத் தடத்துக்குத் திரும்புங்கள். லாரியை இடப்பக்கமாக முந்தாதீர்கள்.

கோடை மழையைக் குறைவாக எடைபோட வேண்டாம். மாலையில் திடீரென்று கருத்து, புழுதிக் காற்றோடு கொட்டும் முதல் பத்து நிமிட மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கலந்து வழுக்கும். வேகத்தைப் பாதியாக்கி, முகப்பு விளக்கைத் தாழ்வாகப் போட்டு ஓட்டுங்கள். கண்ணே தெரியாவிட்டால் பெட்ரோல் பங்கிலோ உணவகத்திலோ ஒதுங்குங்கள், புளியமரத்தடியில் ஒதுங்காதீர்கள்.

வெயிலுக்கு ஆற்றைக் கண்டதும் குளிக்க இறங்கும் ஆசையையும் அடக்கத்தான் வேண்டும். காவிரியிலும் கொள்ளிடத்திலும் மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே நின்று பார்த்தால் தெரியாது.

மலைப்பாதை

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் (இணையவழி அனுமதிச் சீட்டு) கட்டாயமாக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டுக் கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் வைக்கப்பட்டது. நீங்கள் போகும் ஆண்டின் விதியைப் பார்த்து, வீட்டிலிருக்கும்போதே பதிவுசெய்துவிடுங்கள். அடிவாரச் சோதனைச்சாவடியில் நின்று செல்பேசியில் விண்ணப்பித்துக்கொண்டிருந்தால், வெளிச்சம் இருக்கும்போது ஏற வேண்டிய மலையை இருட்டில் ஏற நேரும்.

குறுகலான ஏற்றத்தில், ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை. இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும். 2017ஆம் ஆண்டின் வாகன ஓட்டுதல் விதிமுறைகளும் அதையே சொல்கின்றன. வளைவுக்கு முன் ஒலியெழுப்பி, பதில் ஒலி வருகிறதா என்று கேட்டு, உங்கள் பாதியிலேயே திரும்புங்கள். பேருந்து கொண்டை ஊசி வளைவில் திரும்ப முழுச் சாலையும் தேவைப்படும் என்பதால், அதைக் கண்டால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே சீசன் நாட்களில் வண்டிகள் நெடுந்தூரம் நிற்கும். பொறுமையிழந்து எதிர்த்தடத்தில் ஏறுகிறவர்களால்தான் அது முழுவதுமாக அடைத்துக்கொள்கிறது. வளைவில் நிறுத்திக் குரங்குக்கு வாழைப்பழம் கொடுப்பது குரங்குக்கும் நல்லதில்லை, பின்னால் வருபவருக்கும் நல்லதில்லை. இரவில் ஊருக்குள்ளேயே காட்டெருமை நிற்கும். விளக்கைத் தாழ்த்தி, ஒலியெழுப்பாமல், அது போகும்வரை காத்திருங்கள்.

இறங்கும்போதுதான் மலைப்பாதை தன் கடுமையைக் காட்டுகிறது. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய ஓட்டுநர்களின் பேச்சு நூற்றுக்கு நூறு சரி. மூன்றாவது அல்லது இரண்டாவது கியரில் விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்; பிரேக்கை விட்டுவிட்டுத் தொட்டால் போதும். தானியங்கிக் கியர் வண்டியானால், தாழ்ந்த கியருக்கான நிலையில் வையுங்கள். விடாமல் பிரேக்கை மிதித்தே இறங்கினால், சூடேறிக் கருகிய வாடை வரும், பிறகு பெடல் எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. வாடை வந்த உடனே அகலமான இடத்தில் நிறுத்தி அரைமணி ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் விரிசல் விடும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதும் எஞ்சினை அணைத்து உருட்டுவதும் தற்கொலைக்குச் சமம். எஞ்சின் அணைந்தால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் உள்ள துணைவிசை போய்விடும்.

வண்டி நின்றுவிட்டால், விபத்து நேர்ந்தால்

பழுதான வண்டியை எவ்வளவு இடப்பக்கம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி, அபாய விளக்கைப் போட்டு, எல்லோரையும் இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்கவையுங்கள். வண்டிக்குப் பின்னால் யாரும் நிற்கவே கூடாது. சிவப்பு முக்கோணத்தைக் குறைந்தது ஐம்பது மீட்டர் பின்னால், எழுபது தப்படி நடந்து வையுங்கள். மரக்கிளையும் கல்லும் வைப்பவர்கள், போகும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரம் போட்டுவிட்டுப் போங்கள். இரவில் அதே கல்லில் ஒரு பைக் ஏறிவிடும்.

தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆம்புலன்சுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112. எங்கே இருக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். கடைசியாகக் கடந்த கிலோமீட்டர் கல்லின் எண்ணையும், சென்னை நோக்கியா திருச்சி நோக்கியா என்பதையும் சொன்னால் தேடாமல் வந்துவிடுவார்கள். முன் இருக்கையில் இருப்பவர் அந்தக் கற்களைக் கவனித்துக்கொண்டே வருவது நல்ல பழக்கம்.

வேறொருவருக்கு விபத்து நேர்ந்திருப்பதைக் கண்டால் நின்று உதவத் தயங்காதீர்கள். 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லைக்குள் காயமடைந்தவர் எந்த ஊர்க்காரராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில், அரசு ஏற்கும் வரம்புக்குள் கட்டணமின்றிக் கிடைக்கும்.

திரும்பும் நாள்

போகும்போது எல்லோரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். திரும்பும்போதுதான் கவனம் தளர்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை ஏரியில் படகு விட்டு, மூன்று மணிக்கு மலையிறங்கி, திங்கள் காலை ஒன்பதுக்கு அலுவலகம் என்று கணக்குப் போட்டால், மலையிறக்கம் மாலை மூட்டத்திலும் நெடுஞ்சாலை நடு இரவிலும் விழும். அதுவும் மூன்று நாள் அலைச்சலுக்குப் பிறகு.

சனிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே இறங்கத் தொடங்குங்கள். மாலைக்குள் திருச்சிக்கு வந்து தங்கி, நன்றாகத் தூங்குங்கள். ஞாயிறு விடியற்காலையில் குளிர்ந்த டயரில் மறுபடியும் காற்றைச் சரிபார்த்து ஐந்து மணிக்குக் கிளம்பினால், செங்கல்பட்டில் மாலை நெரிசல் கூடுவதற்கு வெகு முன்பே, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். அது முடியாதென்றால், பயணத்துக்கு நாள் குறிக்கும்போதே திங்கட்கிழமைக்கும் விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.